புல் வெட்டுகிறவருக்கும் ஓர் அகப்பக்கம்

பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் சாய்த்துத் தாமான் கட்டினார்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நமக்குத் தெரிந்த ஓர் அண்ணன் கையில் மிஞ்சியது, தோளில் மாட்டிப் புல் வெட்டும் மிஷின் ஒன்றுதான். இருபது வருஷம் பால் சீவியவர். இன்று ஒரு பழைய வேனில் மிஷினை ஏற்றிக்கொண்டு தாமான் தாமானாகப் போய்ப் புல் வெட்டிக் குடும்பம் நடத்துகிறார்.

தொழில் தெரியும், உழைப்புக்கும் அஞ்சாதவர். ஆனால் வருமானத்தில் பாதி டவுனில் இருக்கும் ஓர் ஏஜெண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் 50 வெள்ளி கொடுத்தால் இவர் கைக்கு வந்தது 25. "வெயில்ல நிக்கிறது நானு, போன எடுத்துப் பேசுறது அவரு. பேசுறவருக்குப் பாதிக் காசு சார்" என்றார் அண்ணன். கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்த காலம் போய்விட்டது என்றல்லவா நாம் நினைத்துக் கொண்டிருந்தோம்!

போன் ஏன் ஏஜெண்டுக்குப் போகிறது? தாமானில் குடியிருப்பவர் கைப்பேசியை எடுத்து "போத்தோங் ரும்புட் புஞ்சாக் ஆலம்" என்று தட்டுகிறார். ஏஜெண்டின் அகப்பக்கம் வந்து நிற்கிறது. வெட்டப் போகிறவரின் பெயர் எங்கேயும் வருவதில்லை.

இது அண்ணனுக்கும் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே அகப்பக்கம் செய்து தருவதாகச் சொன்ன ஓர் இளைஞரிடம் 1,500 வெள்ளி கொடுத்திருக்கிறார். அழகான பக்கம்; படங்கள் தாமே நகர்ந்தன. அந்த முகவரியை வேனின் பக்கவாட்டில் பெயிண்டில் பெரிதாக எழுதியும் வைத்தார். ஒரு வருஷம் ஆனதும் இன்னும் 800 வெள்ளி வேண்டும் என்று கேட்டார் அந்த இளைஞர். பேச்சு முற்றியது. மறுவாரம் பக்கத்தைக் காணோம். விசாரித்ததில், முகவரிப் பெயரே அந்த இளைஞர் பேரில்தான் பதிவாகி இருந்ததாம்.

"வேன்ல எழுதுன பெயிண்டு இன்னும் போகல தம்பி. கடை போயிருச்சு" என்றார் அக்கா.

இந்த இடத்தைத்தான் நம்மவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அகப்பக்கம் என்பது மூன்று சாமான்கள் சேர்ந்தது. ஒன்று, டொமேன் என்னும் முகவரிப் பெயர். இரண்டு, பக்கத்தை வைத்திருக்கும் இடம். மூன்று, எழுத்தும் படமுமாக உள்ள பக்கம். வீட்டை யார் கட்டினாலும் கட்டிவிட்டுப் போகட்டும். கிராண்டு யார் பேரில் இருக்கிறது? தோட்டத்தில் மூன்று தலைமுறை குடியிருந்துவிட்டு, லயத்தைக் காலி செய் என்றதும் சட்டியும் பானையுமாக வெளியே வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. டொமேன்தான் அந்தக் கிராண்டு. அது உங்கள் பேரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்க வேண்டும். செய்து கொடுப்பவர் சொந்த அண்ணன் மகனாக இருந்தாலும் இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

இரண்டாம் முறை வேலையைச் செய்தது ஐந்தாம் படிவம் படிக்கும் மகள். பள்ளி விடுமுறையில் அப்பாவும் மகளும் பக்கத்து நாடி மையத்துக்குப் போனார்கள். முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட அரசாங்க இணைய மையங்களுக்குத்தான் இப்போது நாடி என்று பெயர். நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது, சிறு தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார். (பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனாலும் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.)

காலையில் பசியாறிவிட்டுப் போனவர்கள் மாலைக்குள் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். முதலில் அப்பாவின் பேரிலேயே ஒரு ஜிமெயில் கணக்கு. அதைக் கொண்டு கூகள் சைட்ஸ் என்ற இலவசச் சேவையில் ஒரே ஒரு பக்கம். கைப்பேசியில் இந்த வேலை சரிப்படாது; கணினியில் செய்வதுதான் சுலபம். மேலே, என்ன வேலை, எந்த ஊர் என்று மலாயில் ஒரு வரி. ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் எழுதவில்லையா என்று நமக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தட்டுகிறாரோ அந்தச் சொல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதன் கீழே நான்கு படங்கள். வெட்டுவதற்கு முன் ஒன்று, வெட்டிய பின் ஒன்று, இரண்டும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. எல்லாம் அண்ணன் தாமே வெட்டிய இடங்கள். அடுத்தவர் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டவை அல்ல. வீட்டு எண்ணும் காரின் எண்ணும் தெரிந்த படங்களை ஒதுக்கிவிட்டார்கள். அப்புறம் விலை. கடைசியில் வாட்ஸ்அப் பொத்தான். அவ்வளவுதான்! "எங்களைப் பற்றி", "எங்கள் இலட்சியம்" என்று ஐந்தாறு பக்கம் போட்டிருந்தால் விடுமுறையே முடிந்திருக்கும்.

பொத்தானில் ஒரு தவறு நடந்தது. வாட்ஸ்அப்புக்கு நேராகப் போகும் இணைப்பில் எண்ணை நாட்டுக் குறியீட்டுடன் எழுத வேண்டும். 012 என்று தொடங்கும் எண்ணை 6012 என்று போட வேண்டும். கூட்டல் குறியோ நடுவில் கோடோ கூடாது. பிள்ளை 012 என்றே போட்டுவிட்டது. அம்மாவின் கைப்பேசியில் தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பக்கத்தைத் திறந்ததும் வேறு ஒருவர் கைப்பேசியில் எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது.

இலவச முகவரி நீளமாக இருக்கும். வேனில் எழுத இடம் போதாது. ஆகவே சிறியதாக ஒரு டொமேன் வாங்கினார்கள். இது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பணம். சாதாரணப் பெயருக்கு 50 முதல் 100 வெள்ளி சுற்றில் ஆகும். முதல் வருஷம் மலிவு என்று விளம்பரம் செய்வார்கள். இரண்டாம் வருஷம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். "டாட் காம் டாட் மை" என்று முடியும் பெயர் வேண்டுமானால் தொழில் பதிவு இருக்க வேண்டும். வாங்கிய பெயரைப் பக்கத்துடன் இணைத்த பிறகு, அது வேலை செய்ய இரண்டு நாள் வரை ஆகலாம். பயப்பட வேண்டாம்.

தொழில் பதிவை எஸ்.எஸ்.எம்.மில் செய்ய வேண்டும். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் பதியலாம். நம்மவர்களில் பலர் முடியாது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். பதிந்த எண்ணையும், பெயரையும், தொடர்பு எண்ணையும், முழு விலையையும் அகப்பக்கத்தில் காட்ட வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. 2012-இல் வந்த விதிகள் இவை, 2024-இல் புதிதாக்கப்பட்டன. முறுக்கு, அதிரசம் விற்கிற அக்காமார்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் கூடவே தைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் கூகள் வரைபடத்திலும் தொழிலைச் சேர்த்தார்கள். இதற்கும் காசில்லை. கடை இல்லாமல் வீடு தேடிப் போய் வேலை செய்கிறவர்கள் தங்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்கு வருவோம் என்பதை மட்டும் காட்டலாம். லயத்து வீட்டு முகவரியை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை. முன்பு அந்தச் சேவையே ஓர் அகப்பக்கமும் இலவசமாகக் கொடுத்தது; 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய புத்திமதியைக் கேட்டு அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பக்கம் திறந்த முதல் வாரம் ஒரு போனும் வரவில்லை. "போட்டதும் போயிருச்சா?" என்று அக்கா மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். இரண்டாம் வாரம் வந்த முதல் போனில், ஏதோ பரிசு விழுந்திருக்கிறது, கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள் என்றது ஒரு குரல். அண்ணன் சொல்லவில்லை, நல்ல வேளை. எண்ணை வெளியில் போட்டால் இப்படிப்பட்டவர்களும் வருவார்கள். வங்கியிலிருந்து வரும் எண்ணையோ கடவுச்சொல்லையோ யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அதன் பிறகு ஒரு டீச்சர் அழைத்தார். வீட்டு முன்புறம், பின்புறம் இரண்டும் சேர்த்து 80 வெள்ளி. அது முழுவதும் அண்ணன் கைக்கே வந்தது. வேலை நன்றாக இருந்ததால் வரைபடத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லி மகள் கேட்டிருக்கிறாள், டீச்சரும் எழுதினார்.

ஏஜெண்டின் வேலையை அண்ணன் இன்னும் விட்டுவிடவில்லை. மழைக்காலத்தில் அதுவும் வேண்டியிருக்கிறது என்கிறார். டொமேனைப் புதுப்பிக்க வேண்டிய தேதியும், மின்னஞ்சல் முகவரியும், கடவுச்சொல்லும் அக்காவின் சீட்டு நோட்டின் கடைசித் தாளில் எழுதியிருக்கின்றன. தேதி தவறினால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிக்கொள்ள முடியும் என்பதால், காலண்டரிலும் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

நாம் விடைபெறும்போது அண்ணன் வேனில் இருந்த பழைய முகவரியை வெள்ளைப் பெயிண்ட் அடித்து மறைத்துக் கொண்டிருந்தார். புதியதை எழுதுவதற்குமுன் எழுத்துகளைச் சரிபார்த்துச் சொல்லும்படி நம்மிடம் தாளை நீட்டினார். போன தடவை ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததாம்.