ஆடாமல் கழிந்த ஆண்டுகள்

எலும்பு முறிவுப் பிரிவில் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் உறவினரும் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. “இன்னும் எத்தனை நாள் இப்படிச் சும்மா இருப்பது?” இவ்வினாவில் வலியைக் காட்டிலும் அச்சமே மிகுதி. வேலை கைவிட்டுப் போகுமோ, கற்ற தொழில் மறந்துவிடுமோ, உடன் இருந்தோர் நம்மைக் கடந்து சென்றுவிடுவரோ என்னும் அச்சம் அது. மருத்துவர் “எட்டு வாரம்” என்று கூறுகையில், நோயாளியின் செவியில் அது “எட்டு வாரம் வீண்” என்றே விழுகிறது.

ஓய்வுக் காலம் உண்மையிலேயே வீண்தானா? அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. முழுதாக இரண்டு ஆண்டுகள் அவர் களத்துக்கு வெளியே இருக்க நேர்ந்தது. முதல் முறை தடுத்தது விதி. இரண்டாம் முறை தடுத்தது எலும்பு.

சிறிய கல்லூரியில் ஒரு தொடக்கம்

சேத் கர்ரி 1990ஆம் ஆண்டு பிறந்தவர்; வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் வளர்ந்தவர். தந்தை டெல் கர்ரி, தொலைவிலிருந்து பந்து எறிவதில் பெயர்பெற்ற என்.பி.ஏ. வீரர். அண்ணன் ஸ்டீஃபன் கர்ரியோ இன்று உலகறிந்த பெயர். இத்தகைய குடும்பத்துப் பிள்ளையைப் பெரிய பல்கலைக்கழகங்கள் போட்டியிட்டு அழைத்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழவில்லை. மெலிந்த உடல், இவ்விளையாட்டுக்குப் போதாததாகக் கருதப்பட்ட உயரம் ஆகியவை அவருக்குத் தடையாயின. 2008ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரிலுள்ள லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கூடைப்பந்தில் அது பெரிதும் பேசப்பட்ட கல்லூரி அன்று.

அங்கு ஆடிய ஒரே பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20.2 புள்ளிகள் எடுத்தார். அவ்வாண்டு அமெரிக்கா முழுவதிலும் முதலாண்டு மாணவர்களுள் அதுவே மிக உயர்ந்த சராசரி. அவருடைய தனித்திறன் மூன்று புள்ளி வீச்சு. தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் அமைந்த வளையத்துக்குள், ஆறு மீட்டருக்கும் அப்பாலிருந்து பந்தைச் செலுத்தினால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். வளையத்தின் குறுக்களவு ஏறத்தாழ 46 சென்டிமீட்டர். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். எதிரணி வீரர் கையை உயர்த்திப் பாய்ந்துவரும் அக்கணத்தில், அந்தச் சிறிய இடைவெளிக்குள் பந்தை இறக்க வேண்டும்.

முதல் காத்திருப்பு

அடுத்த ஆண்டே அவர் டியூக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். புகழ்பெற்ற பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி வழிநடத்திய அணி அது. நாட்டின் தலைசிறந்த கல்லூரி அணிகளுள் ஒன்று. இம்மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய விதிப்படி, இவ்வாறு கல்லூரி மாறும் கூடைப்பந்து வீரர் ஓராண்டு போட்டிகளில் ஆட இயலாது. அணியோடு பயிற்சி செய்யலாம்; ஆட்டத்தில் இறங்கலாகாது. 2021ஆம் ஆண்டில்தான் அவ்விதி தளர்த்தப்பட்டு, மாறிய உடனேயே ஆடும் வாய்ப்பு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிட்டியது.

அந்தக் காத்திருப்பு ஆண்டில்தான் டியூக் அணி நாட்டின் வாகையராயிற்று. 2010 ஏப்ரலில் நடந்த இறுதி ஆட்டத்தில் பட்லர் பல்கலைக்கழக அணியை 61-59 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. முந்தைய ஆண்டு முதலாண்டு மாணவர்களுள் முதலிடத்தில் நின்ற இளைஞர், தம் அணி கோப்பை வென்ற ஆட்டத்தில் ஒரு நொடியும் ஆடவில்லை.

வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அது வெற்று ஆண்டு. அணிக்குள்ளோ, நாட்டின் சிறந்த வீரர்களோடு நாள்தோறும் மோதிப் பழகிய ஆண்டு. அதன் பயன் ஒரே நாளில் தெரிந்துவிடவுமில்லை. 2010-11 பருவத்தில் அவருடைய சராசரி 9 புள்ளிகள். அடுத்த பருவத்தில் 13.2. இறுதிப் பருவமான 2012-13இல் 17.5. லிபர்ட்டியில் எடுத்த 20.2ஐ டியூக்கில் அவர் ஒருபோதும் எட்டவில்லை. ஆயினும் வலிமை மிக்க எதிரணிகளுக்கு எதிராக எடுத்த இப்புள்ளிகளின் எடை வேறு. அவ்விறுதிப் பருவத்தில் அவர் எறிந்த மூன்று புள்ளி வீச்சுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 வளையத்துள் இறங்கின.

இதில் நம் வாசகர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. காத்திருப்பு முடிந்த மறுநாளே பழைய நிலை திரும்பிவிடுவதில்லை. கட்டு அவிழ்த்த மறுநாளே முன்போல நடக்க இயலாதது கண்டு மனம் உடைவோர் பலர். படிப்படியான ஏற்றமே இயல்பு.

வலியோடு ஆடிய பருவம்

அந்த இறுதிப் பருவம் வேறொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. பருவம் தொடங்கும்போதே கர்ரியின் கணைக்காலில் வலி இருந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே முன்புறமாக ஓடும் எலும்பில், தொடர்ந்த ஓட்டத்தாலும் தாவலாலும் விளைந்த வலி அது. ஆகவே அவர் பயிற்சிகளைப் பெரும்பாலும் தவிர்த்து, போட்டிகளுக்காகவே தம் காலைச் சேமித்துவைத்தார். 2013 மார்ச்சில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான தேசியத் தொடர் ஆட்டத்தில் 29 புள்ளிகள் குவித்தார். பருவம் முடிந்ததும் காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

டியூக்கின் பயணம் அடுத்த ஆட்டத்தில், லூயிவில் பல்கலைக்கழக அணியிடம் தோற்று முடிவுற்றது. அந்த ஆட்டத்தின் முதற்பாதியில் லூயிவில் அணியின் கெவின் வேர், எதிரணியின் வீச்சைத் தடுக்கத் தாவித் தரையிறங்கியபோது அவருடைய வலது கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்தது. அன்றிரவே அறுவைச் சிகிச்சை செய்து, எலும்பினுள் உலோகத் தண்டைப் பொருத்தினர். பின்னர் அவரும் கல்லூரி மாறி, ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக மீண்டும் களமிறங்கினார்.

ஒரே ஆட்டம், ஒரே எலும்பு, இருவகைக் கேடுகள். வேருக்கு நேர்ந்தது கண நேரத்தில் நிகழ்ந்த முறிவு, அரங்கமே கண்டது. கர்ரியின் கால்வலியோ பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படாதது. மருத்துவமனைக்கு வருவோருள் இவ்விரு வகையினரும் உளர். முதல் வகையினருக்கு ஓய்வின் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகையினரை வீட்டாரே நம்புவதில்லை என்பது அவர்களுடைய கூடுதல் துன்பம்.

எலும்பு செய்யும் வேலை

எலும்பு உயிருள்ள திசு. அதில் சில உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து அகற்ற, வேறு சில புதிய எலும்பைப் படியச் செய்கின்றன. ஓட்டம், தாவல், சுமை தூக்குதல் போன்ற பணிகள் மிகும்போது, எலும்பு தன்னைத் திருத்தியமைத்து வலுப்பெறுகிறது. ஆனால் அரித்தெடுக்கும் வேலை விரைவில் முடியும்; புதிதாகக் கட்டும் வேலைக்கு நாள் பிடிக்கும். இவ்விடைவெளியில் ஓய்வின்றிச் சுமை தொடர்ந்தால் எலும்பு நலிகிறது. முதலில் எலும்பினுள் வீக்கமும் வலியும் தோன்றும். பின்னர் மயிரிழை போன்ற கீறல் விழும். இதனையே மருத்துவர்கள் ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ என்பர். தொடக்க நிலையில் எக்ஸ்-ரே படத்தில் இது தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் தெரியவரும். விளையாட்டு வீரர்க்கு மட்டுமன்றி, காவலர் பயிற்சியில் சேர்ந்த இளைஞர்க்கும், திடீரென நெடுந்தொலைவு நடக்கத் தொடங்கியவர்க்கும், எலும்பு அடர்த்தி குறைந்த முதியோர்க்கும் இது வருவதுண்டு.

எனவே “சும்மா இருக்கும்” நாட்களில் நோயாளி சும்மா இருப்பினும் எலும்பு சும்மா இருப்பதில்லை. பின்தங்கிய கட்டுமான வேலையை அது முடித்துக்கொள்ளும் காலமே அது.

இரண்டாம் காத்திருப்பு

கல்லூரிக்குப் பின்னும் கர்ரியின் பாதை எளிதாக அமையவில்லை. 2013ஆம் ஆண்டு வீரர் தேர்வில் எந்த என்.பி.ஏ. அணியும் அவரை எடுக்கவில்லை. முதல் இரண்டு பருவங்களில் மூன்று அணிகளுக்காக அவர் ஆடியவை மொத்தம் நான்கே ஆட்டங்கள். எஞ்சிய காலம் கீழ்நிலைத் தொடரில் கழிந்தது. பின்னர் சாக்ரமெண்டோ அணியில் இடம் கிட்டியது. 2016-17 பருவத்தில் டாலஸ் அணிக்காக 70 ஆட்டங்களில் சராசரி 12.8 புள்ளிகள் எடுத்து நிலைபெற்றார்.

அவ்வேளையில்தான் மீண்டும் கால் தடுத்தது. 2017 இலையுதிர் காலத்தில் அவருடைய இடக் கணைக்கால் எலும்பில் நலிவு கண்டறியப்பட்டது. சில மாதங்கள் ஓய்வில் இருந்தும் அது போதவில்லை. 2018 தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அப்பருவத்தில் ஓர் ஆட்டமும் அவர் ஆடவில்லை. ஒப்பந்தக் காலமும் முடிந்துபோனது.

அடுத்த பருவத்தில் போர்ட்லண்ட் அணி அவரை ஏற்றது. ஓராண்டு ஆடாதிருந்த அவர், 2018-19இல் 74 ஆட்டங்களில் இறங்கினார்; மூன்று புள்ளி வீச்சுகளில் நூற்றுக்கு 45 வெற்றி. அவ்வாண்டு மேற்கு மண்டல இறுதிச்சுற்றில் அண்ணன் ஸ்டீஃபனின் கோல்டன் ஸ்டேட் அணியை எதிர்த்து ஆடினார். நான்கு ஆட்டங்களிலும் வென்றது அண்ணனின் அணியே. தோற்றாலும், முந்தைய ஆண்டு களத்திலேயே இல்லாத ஒருவர் அச்சுற்றுவரை வந்து நின்றது சிறிய செய்தியன்று.

பல்லாண்டுப் பயிற்சியால் மூளையிலும் நரம்பிலும் பதிந்த திறன் எளிதில் அழிவதில்லை. ஓய்வில் விரைந்து குறைவது தசையின் வலிமையே. அதனை இயன்முறை சிகிச்சையால் மீட்க இயலும். தையற்காரரின் கைப்பழக்கமும், வீணை மீட்டுவோரின் விரல் ஞானமும், ஓட்டுநரின் கண்ணளவும் இவ்வாறானவையே. மீளப் பழகச் சில நாள் வேண்டும். முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

2024-25 பருவத்தில் கர்ரி, தாம் வளர்ந்த சார்லட் நகரின் அணிக்காக, தந்தை பத்தாண்டுகள் ஆடிய அதே ஹார்னெட்ஸ் அணிக்காக ஆடினார். அப்போது அவருக்கு வயது 34. அப்பருவத்தில் என்.பி.ஏ. முழுவதிலும் மூன்று புள்ளி வீச்சில் மிக உயர்ந்த வெற்றி விழுக்காடு அவருடையதே: 45.6.

நோயாளிகளும் குடும்பத்தாரும் கருத்தில் கொள்ள

கர்ரி வலியோடு ஆடியதைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. ஒவ்வொருவரின் எலும்பும் வெவ்வேறு, சிகிச்சையும் அவ்வாறே. பொதுவாக நினைவிற்கொள்ள வேண்டியவை இவை:

• எலும்பின் மீது ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, நடக்க நடக்க மிகும் வலி, ஓய்விலும் இரவிலும் தொடரும் வலி ஆகியவற்றைத் தைலம் தேய்த்துத் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

• வலி நின்றுவிட்டது என்பதாலேயே எலும்பு கூடிவிட்டது என்று கொள்ள வேண்டாம். எப்போது கால் ஊன்றலாம், எவ்வளவு எடை தாங்கலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

• ஓய்வு என்பது முழு அசைவின்மை அன்று. அடிபடாத பாகங்களுக்குச் செய்யத்தக்க பயிற்சிகளை இயன்முறை சிகிச்சையாளரிடம் கேட்டறிந்து நாள்தோறும் செய்யுங்கள்.

• புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவற்றின் அளவு குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

• குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். “வெளியே ஒன்றும் தெரியவில்லையே, இன்னுமா வலிக்கிறது?” என்று கேளாதிருங்கள். “இன்று என்ன பயிற்சி செய்தாய்?” என்று கேளுங்கள்.

டியூக் அணி வாகை சூடிய ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலில் சேத் கர்ரியின் பெயர் இல்லை. டாலஸ் அணியின் 2017-18 ஆட்டப் பட்டியல்களிலும் இல்லை. ஆயினும் அதன்பின் அவர் ஆடிய ஆட்டங்களுக்கெல்லாம் அவ்விரண்டு ஆண்டுகளே அடித்தளம். தங்கள் நாட்காட்டியில் வெறுமையாய்க் கிடக்கும் இவ்வாரங்களும் அத்தகையவையே.