வீட்டுக் காப்பகம் கைப்பேசிக்கு வரும் வழி

1964 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நாம் வாழும் இப்புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது. திரு. பி. கே. நாயர் அவர்கள் பல்லாண்டு உழைத்து அதற்குப் படச்சுருள்கள் சேர்த்தார். எனினும் தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதியும் எஞ்சாமல் மறைந்துவிட்டது. 2003 ஜனவரியில் நேர்ந்த தீயிலோ பழைய நைட்ரேட் சுருள்கள் பல அழிந்தன.

நம் இல்லங்களிலும் அத்தகைய காப்பகம் உண்டு. கூடத்து மூலையில் தூசு படிந்து கிடக்கும் கணினியே அது! ஒலிநாடாவிலிருந்து மாற்றிய பாடல்கள், பாட்டியின் தாலாட்டு, திருமண வீடியோ யாவும் அதன் வன்தட்டில் உள்ளன. தட்டு முன்னறிவிப்பின்றி நின்றுபோகக் கூடும். ஆதலின் அவற்றைக் கைப்பேசிக்கும் மாற்றி வைத்தல் நலம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியாயின், கம்பியால் இணைத்து, திரையில் 'கோப்பு மாற்றம்' என்பதைத் தெரிந்து, பாடல்களை நகலெடுத்தால் போதும். ஐபோனுக்கு விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலி வேண்டும். 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறத்தாழ ஒரு மெகாபைட். ஆகவே ஆயிரம் பாடல்கள் ஐந்து ஜிகாபைட்டளவில் அடங்கும். FAT32 முறையில் அமைந்த நினைவக அட்டை, நான்கு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. திருமண வீடியோ அங்கேதான் தடுமாறும். அட்டையை exFAT முறைக்கு மாற்றுக. மாற்றினால் அதிலுள்ளவை அழியும், முன்னதாக வேறிடத்தில் எடுத்து வைத்தல் வேண்டும்.

நம்மவர்க்கே உரிய தொல்லை வேறொன்று. யுனிகோடு பரவுமுன், தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனிக் குறியீடுகளைக் கொண்டிருந்தன. தமிழ்நாட்டரசு யுனிகோடை ஏற்றதே 2010-இல். அக்காலத்தில் பெயரிட்ட பாடல்கள் கைப்பேசியில் பொருளற்ற கிறுக்கல்களாய்த் தோன்றும். பாட்டு கெடவில்லை, பெயர்தான் சிதைந்தது. எழுத்துரு மாற்றி ஒன்றின் துணையால் திருத்திவிடலாம். பாடல்வரிசைக் கோப்புகளும் கணினியின் அடைவு வழியைச் சுட்டுவதால், கைப்பேசியில் பெரும்பாலும் இயங்கா. அவற்றை அங்கே புதிதாய் அமைப்பதே எளிது.

கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரு கருவிகளிலும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க. பாட்டியின் தாலாட்டை இறுதிவரை ஒருமுறை கேட்ட பின்னரும், மூலத்தை அழிக்க வேண்டா. தனி வன்தட்டொன்றில் மற்றொரு பிரதி எடுத்து, ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைக்கலாம்.