கியர்பாக்ஸுக்குள் ஒரு திமிங்கிலம்

1960களின் அமெரிக்க ஆட்டோமேட்டிக் கார். அடியில் படுத்து ஆயில் பானின் போல்ட்டுகளைத் தளர்த்தினால், பான் ஒரு பக்கம் சரிந்து ஆயில் கொட்டும். புதிதில் மாதுளைச் சாறாய் இருந்தது, சூட்டில் வெந்து பழுத்துக் கருகல் வாடை அடிக்கும். பானின் அடியில் சாம்பல் நிறத்தில் குழைவாக ஒரு படிவு: கிளட்ச் தட்டுகள் தேய்ந்த பொடி. ஃபில்டர், கேஸ்கட் எல்லாம் மாற்றி மூடினாலும், பாதிக்கு மேல் பழைய ஆயில் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும்.

இந்த ஆயிலுக்கு இடப்பட்ட வேலை விசித்திரமானது. பல்சக்கரங்களுக்கு அது வழுக்க வேண்டும். அதிலேயே ஊறிக் கிடக்கும் கிளட்ச் தட்டுகளோ ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் உதறாமல். 1970களின் தொடக்கம் வரை அந்தப் பக்குவம் எண்ணெய்த் திமிங்கிலத்திடமிருந்து வந்தது. அம்பர்கிரிஸ் கடத்தல் செய்திகளில் அடிபடுமே, அதே உயிர்தான்.

ஆண் திமிங்கிலத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தலை. அதனுள் ஓர் உறுப்பு நிறைய, சுமார் 1,900 லிட்டர் வரை மெழுகெண்ணெய். உடல் சூட்டில் திரவமாக இருப்பது, 30 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தால் வெள்ளையாய் உறையத் தொடங்கும். 1,000 மீட்டருக்கும் கீழே, வெளிச்சமே எட்டாத ஆழத்தில் கணவாய் தேடும்போது, திமிங்கிலம் எழுப்பும் ‘க்ளிக்’ ஒலி இந்த எண்ணெயினூடே சென்று குவிந்து வெளிவருகிறது. உயிரினங்கள் எழுப்பும் ஒலிகளில் இதற்கு மேல் உரத்தது இல்லை. இருட்டில் இரை தேடப் படைத்தவன் கொடுத்ததை, நாம் கியர் குலுங்காமல் விழுவதற்காக ஊற்றிக்கொண்டோம்.

1970இல் அமெரிக்கா இந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் வரத்து நின்றது. மாற்றுத் தேடியவர்கள் போய் நின்ற இடங்களில் ஒன்று கடலல்ல, சொனோரன் பாலைவனம். அங்கே ஹொஹோபா என்றொரு புதர். மற்றத் தாவரங்கள் விதையில் கொழுப்பைச் சேமிக்க, இது மெழுகெண்ணெயைச் சேமிக்கிறது. விதை எடையில் ஏறக்குறைய பாதி அதுதான். திமிங்கில எண்ணெயும் பெரும்பகுதி இதே இனத்து மெழுகு. ஆழ்கடலுக்கும் அனல் மணலுக்கும் ஒரே கைப்பக்குவம்!

ஆனால் ஹொஹோபாவின் விலை கட்டுப்படியாகவில்லை. பின்னர் வந்த கியர்பாக்ஸ் ஆயில்களில் பெரும்பாலும் ஆலை ரசாயனங்களே அந்த வேலையைப் பார்த்தன. ஹொஹோபா எண்ணெய் பெரும்பாலும் ஷாம்புவுக்கும் முகக் க்ரீமுக்கும் போய்ச் சேர்ந்தது.