இரண்டு நாள் ஈரோடு: புறப்படுமுன் போட வேண்டிய திட்டம்

இளையாத்தங்குடி, கீழச்சிவல்பட்டி வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம்மில் பலர், சரக்குக்குக் காரைக்குடியையும் மதுரையையும்தான் நம்பியிருக்கிறோம். மஞ்சளுக்கு ஈரோடு, மிளகாய்க்கும் பருப்புக்கும் விருதுநகர் என்று தெரிந்தாலும், அந்த ஊர்களுக்கு நேரில் போய் வந்தவர்கள் குறைவு. "கடையை எப்போது மூடுவது? ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டுப் போய்விட்டு வரலாமே" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. முன்பின் தெரியாத ஊருக்கு வார இறுதியில் போய் வருவதை எப்படித் திட்டமிடுவது என்பதை, ஈரோட்டை உதாரணமாக வைத்து இங்கே விளக்குகிறோம்.

முதலில் நாம் பட்ட பாட்டைச் சொல்லிவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் நம்மில் மூவர் சனிக்கிழமை இரவு கடையைச் சாத்திவிட்டுப் புறப்பட்டு, ஞாயிறு காலை ஈரோட்டில் இறங்கினோம். அன்று மஞ்சள் ஏலம் கிடையாது, மண்டிகளும் பூட்டியிருந்தன. வந்ததற்கு வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று, டீக்கடையில் அறிமுகமான ஒருவரோடு ஒரு குடோனுக்குப் போனோம். மாதிரி நன்றாகத்தான் இருந்தது. பில் இல்லாமல் மூன்று மூட்டை வாங்கினோம். ஊருக்கு வந்து கொட்டிப் பார்த்தால், மேலே நல்ல விரலி, அடியில் ஈரமும் பூச்சித் துளையும். பணம் போனதை விட, மகள் கல்யாணச் சீருக்கு வாங்கிய மஞ்சளை ஓர் அம்மாள் திருப்பிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்ததுதான் நமக்குப் பெரிய நஷ்டம். தவறு ஊரின் மேல் இல்லை. நம் விடுமுறையைப் பார்த்துப் புறப்பட்டோமே தவிர, அந்த ஊரின் வாரத்தைப் பார்க்கவில்லை.

ஊரின் வாரத்தை அறிதல்

ஒவ்வொரு வணிக ஊருக்கும் ஒரு வாரக் கணக்கு உண்டு. ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயன்று நடப்பது. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை புதன், வியாழன். மஞ்சள் ஏலம் வார நாட்களில் மட்டும். சனி, ஞாயிறு விடுமுறை. பொங்கல், தீபாவளியை ஒட்டிச் சேர்ந்தாற்போல் சில நாட்கள் ஏலம் நிற்பதும் உண்டு. ஆனால் சித்தோட்டில் வெல்லச் சந்தையும், கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச் சர்க்கரை ஏலமும் சனிக்கிழமையில் நடக்கின்றன. பழநிப் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போவது கவுந்தப்பாடியிலிருந்துதான்.

ஆகவே மளிகைக்காரருக்கு ஏற்ற வார இறுதி என்பது வெள்ளி, சனி. வியாழன் இரவு புறப்பட்டால் வெள்ளியன்று மஞ்சள், சனியன்று வெல்லமும் சர்க்கரையும் பார்த்துவிடலாம். ஞாயிறு திரும்பி, திங்கள் காலை கடையைத் திறந்துவிடலாம். எப்படியிருந்தாலும், புறப்படுவதற்கு முந்தின நாள் தொலைபேசியில் "நாளை ஏலம் உண்டா?" என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

வழியும் தங்குமிடமும்

இளையாத்தங்குடியிலிருந்து ஈரோடு 200 கி.மீ.க்கு மேல். திருச்சி, கரூர் வழியாகப் போக வேண்டும். திருச்சியிலிருந்து கரூர், கொடுமுடி வழியே ஈரோட்டுக்கு ரயில் பாதை இருக்கிறது. பேருந்தும் அடிக்கடி உண்டு. இரவெல்லாம் கண் விழித்துப் போய், அந்தத் தூக்கக் கலக்கத்தோடு சரக்கைப் பார்ப்பது கூடாது. காலையில் ஓர் அறை எடுத்துக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போக வேண்டும். முகூர்த்த நாட்களில் லாட்ஜ்களில் இடம் கிடைப்பது சிரமம். பஞ்சாங்கத்தைப் பார்த்து, முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இது நமக்குப் புதிய பாடமல்ல. உப்பு விற்கப் பழநிக்குப் போன நம் முன்னோர்களும், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களும், போன ஊரில் முதலில் தங்க ஓர் இடத்தையும் நம்ப ஓர் ஆளையும்தான் தேடினார்கள். காசி முதல் பழநி வரை நகரத்தார் விடுதிகள் நிற்பது அந்தப் பழக்கத்தால்தான்.

முதல் நாள் கண்ணுக்கு மட்டும்

ஏலத்தில் கேட்பவர்கள் உரிமம் பெற்ற வியாபாரிகள். நம்மைப் போன்ற சில்லறைக்காரர் அங்கே வாங்க முடியாது, பார்க்கலாம். விவசாயிகளின் சரக்கு குவியல் குவியலாக மாதிரி வைக்கப்பட்டிருக்கும். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. ஒரே நாளில், ஒரே கூடத்தில், தரத்துக்குத் தக்கபடி விலை எவ்வளவு மாறுகிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு மண்டிக்குப் போய் விலை பேசினால், சொல்லும் விலை நியாயமா என்று நமக்கே தெரியும். தை, மாசியில் புது மஞ்சள் வரத் தொடங்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு அந்தப் பருவமே ஏற்றது.

சரக்கைச் சோதிக்கச் சில எளிய வழிகள்: விரலியை ஒடித்தால் சத்தத்தோடு ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. உள்ளே நிறம் சீராக இருக்க வேண்டும். பளபளப்பு மட்டும் தரமாகாது. துண்டு ஒன்றைக் குளிர்ந்த நீரில் நனைத்தவுடன் மஞ்சள் நிறம் பிரிந்து ஓடினால் சாயம் ஏற்றியதாகச் சந்தேகிக்கலாம். ஈயக் குரோமேட் பூசும் மோசடி மஞ்சளில் உண்டு. அது உடலுக்கு விஷம். மேல் மூட்டையை மட்டும் பார்க்காமல், நாம் சுட்டும் மூட்டையை அடிவரை கொட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். மறுப்பவரிடம் வியாபாரம் வேண்டாம்.

ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனாலேயே வேறு ஊர்ச் சரக்கை ஈரோட்டுப் பெயரில் தள்ளிவிடுகிறவர்களும் இருப்பார்கள். பில் கட்டாயம். நாளை உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடைக்கு வந்தால், சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட அந்தக் காகிதம்தான் நமக்குத் துணை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை அனுப்பினால் இ-வே பில்லும் வேண்டும். பலர் சேர்ந்து வாங்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, நேரில் வாங்குவதால் கிலோவுக்கு 15 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். லாரி பார்சல் கூலி 3 ரூபாய் போனால் 12 ரூபாய் நிற்கும். இருவர் போய்வர, தங்க, சாப்பிட 4,000 ரூபாய் என்றால், செலவை ஈடுகட்டவே 334 கிலோ வாங்க வேண்டும். கிராமத்தில் ஒரு கடைக்கு இது பல மாதச் சரக்கு. தனியாகப் போனால் நஷ்டம்தான். எட்டுக் கடைகள் சேர்ந்து, கடைக்கு 50 கிலோ வீதம் 400 கிலோ வாங்கினால் 800 ரூபாய் மிஞ்சும். அவ்வளவுதான்.

அப்படியானால் எதற்குப் போவது என்று கேட்கலாம். முதல் பயணத்தின் பலன் சரக்கில் இல்லை, விலாசத்தில் இருக்கிறது. நேரில் முகம் பார்த்து, குடோனைப் பார்த்து, இரண்டு மண்டிக்காரர்களைத் தெரிந்துகொண்டால், அடுத்த ஆர்டரைப் பயணச் செலவு இல்லாமல் தொலைபேசியிலேயே போடலாம். முதல் தடவை ஒன்றிரண்டு மூட்டை மட்டும் வாங்குங்கள். மாதிரியில் ஒரு கைப்பிடியைக் கவரில் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு எடுத்து வாருங்கள். வந்த சரக்கு அதோடு ஒத்திருந்தால் அடுத்த ஆர்டர் அவருக்கே.

ஞாயிற்றுக்கிழமை

வேலை முடிந்த பிறகு ஊரையும் பார்க்கத்தான் வேண்டும். சித்தோட்டைத் தாண்டினால் பவானி. காவிரியும் பவானியும் கூடும் இடத்தில் சங்கமேஸ்வரர் கோயில் இருக்கிறது. பவானி ஜமுக்காளமும் அந்த ஊர்ச் சரக்குத்தான். ஈரோட்டிலேயே பெரியார்–அண்ணா நினைவகம் உண்டு. திரும்பும் வழியில் கொடுமுடியில் இறங்கி மகுடேஸ்வரரைத் தரிசிக்கலாம். குடும்பத்தோடு போகிறவர்கள், சந்தை வேலையையும் கோயிலையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது; இரண்டுமே அரைகுறையாகும்.

பெரிய கடைகள் பொட்டலம் கட்டிய மஞ்சள் தூளை வீதிக்கு வீதி கொண்டுவந்து வைக்கும் காலம் இது. "இது எந்த ஊர் விரலி?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு, "நேரில் பார்த்து வாங்கி வந்தோம்" என்று சொல்ல முடிவதே நமக்கு மிஞ்சியிருக்கும் பலம். ஆளுக்கு ஒரு திசையில் ஞாயிற்றுக்கிழமை ஓடாமல், எட்டுப் பத்துக் கடைகளாகச் சேர்ந்து, தையில் இருவரை அனுப்பிப் பார்ப்போம். அவர்கள் கொண்டுவரும் நோட்டை எல்லோரும் படித்துப் பயன் பெறுவோம்.