உங்கள் ஓட்டு எந்த ஷாட்கன்னுக்கு?

புதிய கம்ப்யூட்டரில் சண்டை கேம்ஸ் விளையாடத் தொடங்கியவர்களுக்குச் சீக்கிரமே கைக்கு வரும் ஆயுதம் பம்ப் ஷாட்கன். ஒருமுறை சுட்டதும் அதன் முன்பிடியைப் பின்னால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். கேமில் இது தானாக நடக்கும். ஆனால் அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டும். எதிரி காத்திருக்க மாட்டான்!

1993ல் வந்த டூம் கேமில் ஒரு சூட்டுக்கு 7 சிறு குண்டுகள் பாயும். ரீலோட் செய்யும் வேலையே இல்லை. பழகுவதற்கு எளிது; சீக்கிரம் சலித்தும்விடும்.

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6ல் எம்3 ஷாட்கன்னின் விலை 1,700 டாலர். (கேம் பணம்தான், பயப்பட வேண்டாம்.) மிக அருகில் நிற்பவரை ஒரே சூட்டில் சாய்த்துவிடும். குறி தவறினால் நீங்கள் காலி.

என் ஓட்டு 1998ல் வெளியான ஹாஃப் லைஃப் கேமின் ஷாட்கன்னுக்கு. 8 தோட்டாக்கள் கொள்ளும். மவுஸின் இடது பட்டனை அழுத்தினால் ஒரு தோட்டா, வலது பட்டனுக்கு இரண்டு. ஆர் கீயை அழுத்தினால் ஒவ்வொன்றாக நிரப்பும். பாதியில் எதிரி வந்தால் நிரப்பிய வரைக்கும் சுடலாம். எப்போது நிரப்புவது, எப்போது சுடுவது என்ற முடிவு உங்களுடையது. வலது பட்டனை மட்டும் தூரத்து எதிரிக்கு அழுத்தாதீர்கள். இரண்டு தோட்டாவும் வீண்.