கண்புரை ஆபரேஷனா? அதற்கு முன் ஆத்தூர் அணையில் நாலு படம் எடுங்கள்!

மாசி முடியும்போதே திண்டுக்கல்லில் வெயில் ஏறிவிடும். ஆனாலும் ஆத்தூர் காமராஜர் அணைக்கரையில் காலை நேரம் குளுமைதான். கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கும் உங்கள் வீட்டுப் பெரியவரை அங்கே அழைத்துப் போங்கள். செல்போன் போதும்.

தண்ணீர், மலை, வானம் என நாலைந்து படங்களை அவரே எடுக்கட்டும். எது என்ன நிறமாகத் தெரிகிறது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். பார்வை மங்கியவர் என்பதால் கரையில் கையை விடாதீர்கள்.

எதற்கு இதெல்லாம்? புரை விழுந்தால் கண்ணின் லென்ஸ் மெல்ல மெல்லப் பழுப்பேறும், நீலம் மங்கும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் அவருக்கே தெரியாது. அல்லிக் குளத்தை வரைந்து புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவுக்கும் இதுதான் நேர்ந்தது. பயந்து பல ஆண்டுகள் தள்ளிப்போட்டவர், 1923-ல், 82 வயதில்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

இன்று அந்தப் பயம் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். புரை முற்றட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்கள் தூசியும் தண்ணீரும் கண்ணில் படக் கூடாது. அந்த நாட்களில் வீட்டிலேயே அதே படங்களைக் காட்டுங்கள். 'வானம் இவ்வளவு நீலமா?' என்று அவரே கேட்கக்கூடும்.