சாரல் போடும் பாலிஷ்

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால் நாளிதழ்களில் ஒரு படம் தவறாமல் வரும். ஐந்தருவி சாலையில் வெண்ணமடைக் குளம், அதில் மிதிபடகில் சிரித்தபடி ஒரு குடும்பம், பின்னால் மேகம் இறங்கிய மலை. அதைப் பார்த்துவிட்டுத் தென்காசி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “சாரல்ல நனைஞ்சா பைபர் படகெல்லாம் புதுசு மாதிரி மின்னுது. வெயில்ல காய்ஞ்சா சுண்ணாம்பு பூத்தாப்பல ஆயிருது. என்ன வேக்ஸ் போடணும்? காருக்குப் போடுறது போதுமா?”

போதும். படகுக்கென்று தனி டப்பாவில் வருவது சற்றுக் கெட்டியாக இருக்கும், விலை கூடுதலாக இருக்கும், மூடியில் நங்கூரப் படம் இருக்கும். எனக்குப் பிடித்தது கேள்வியின் முதல் பாதிதான். நனைந்தால் ஏன் புதுசாகிறது?

பைபர் படகில் நாம் தொடுவது கண்ணாடி இழையை அல்ல. அதற்கு மேல் ஜெல்கோட் என்று ஒரு பூச்சு உண்டு. நிறமி கலந்த பாலியெஸ்டர் பிசின், கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இந்தப் பிசினின் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. பிசின் தேயத் தேய நிறமித் துகள்கள் பிடிமானமின்றி மேலே நிற்கும். பழைய படகில் விரலை இழுத்துப் பாருங்கள், மாவு ஒட்டும். கருப்புச் சட்டையோடு சாய்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சிவப்புப் படகுகூட ஏன் வெளுக்கிறது? காற்றிலிருந்து பிசினுக்குள் நுழையும்போது ஒளியில் ஒரு பகுதி அந்த எல்லையிலேயே திரும்பிவிடும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, பிசினுடையது 1.55-க்குப் பக்கம். கணக்குப் போட்டால், நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கு திரும்புகிறது. பரப்பு வழவழப்பாக இருந்தால் அந்த ஐந்தும் ஒரே திசையில் போகும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம். பரப்பு குழியும் மாவுமாக இருந்தாலோ, ஒரே ஒளிக்கற்றை பல எல்லைகளில் மோதி நாலா பக்கமும் சிதறும். எல்லா நிறமும் சேர்ந்து சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளை. அடியில் இருக்கும் சிவப்பு அந்த வெள்ளைக்குள் அமுங்கிவிடுகிறது.

இப்போது சாரல் விழுகிறது. குழிகளில் தண்ணீர் நிரம்புகிறது. தண்ணீரின் எண் 1.33. தண்ணீருக்கும் பிசினுக்கும் இடையே திரும்பும் ஒளி நூற்றுக்கு அரைப் பங்கைச் சற்றுத்தான் தாண்டும். ஐந்து எங்கே, அரை எங்கே! சிதறல் அடங்கியதும் சிவப்பு வெளியே வருகிறது. மேலே நீர்ப்படலம் தன் போக்கில் வழவழப்பாக நிற்பதால் மினுமினுப்பும் இலவசம். மெழுகு இன்னும் ஒரு படி மேல். அதன் எண் 1.45 அளவில் இருப்பதால், பிசினோடு சேரும் எல்லையில் திரும்பும் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குதான். வேக்ஸ் போட்ட அன்று படகு மாப்பிள்ளை மாதிரி நிற்பது இதனால்தான். மேல்தோல் தேறவே இல்லை, குழிகள் நிரம்பியிருக்கின்றன.

குற்றாலத்தில் இதை விளக்க ஆய்வகம் வேண்டாம், ஒரு முழங்கால் போதும். வறண்ட காலில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறதல்லவா? செதில் செதிலாக எழும்பிய தோலுக்கிடையே காற்று புகுந்து ஒளியைச் சிதறடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவியதும் வெள்ளை மறைகிறது. அதன் எண்ணும் 1.45-தான். ஆக வேக்ஸ் என்பது எண்ணெய்த் தேய்ப்பு. ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பது. தேய்க்காமல் எண்ணெய் தடவினால் அழுக்கின் மேல் எண்ணெய். இரண்டு குளியலுக்குத் தாங்காது. இந்த ஒப்பீட்டை இன்னும் இழுக்கலாம். கன்னாபின்னாவென்று தேய்த்தால் உங்கள் தோல் எரியும், நாலு நாளில் வளர்ந்துவிடும். படகின் தோல் வளராது. அந்த அரை மில்லிமீட்டர்தான் அதற்கு ஆயுளுக்கும் கொடுத்தது. பஃபிங் மெஷினைக் கையில் எடுக்கிற உற்சாகிகள் விளிம்புகளிலும் மூலைகளிலும் முதலில் இழையைக் காட்டிவிடுவார்கள்.

எனவே கடைக்குப் போகுமுன் ஈரத்துணியால் ஒரு முறை துடையுங்கள். நனைந்ததும் பழைய நிறம் திரும்பினால் பாதிப்பு மேலோட்டம். மென்மையான பாலிஷும், அது போதாவிட்டால் காம்பவுண்டும் தீர்த்துவிடும். நனைந்தும் வெளிறியே இருந்தால் நிறமியே போய்விட்டது. எந்த டப்பாவும் திருப்பித் தராது.

பைபர் படகின் வரலாறும் கொஞ்சம் கேட்பார்கள். கண்ணாடி இழை 1930-களில் அமெரிக்காவில் தொழிற்சாலைப் பொருளானது. 1942-ல் ஓஹையோவில் ரே கிரீன் என்பவர் பிசினும் இழையும் சேர்த்துப் படகு செய்தார். நம் கரைகளில் கட்டுமரங்கள் பின்வாங்கி பைபர் படகுகள் நிறைந்தது 2004 சுனாமிக்குப் பின் வந்த நிவாரணத்தில். வரலாறு முடிந்தது.

இனி டப்பா வாசகங்களுக்கு வருவோம். “நூறு சதவீதம் கார்னாபா” என்று ஒன்று. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலை மெழுகு அது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், தேன்மெழுகைவிட மிகக் கெட்டி. சுத்த கார்னாபாவைப் படகில் தேய்க்கவே முடியாது. கரைப்பானும் மெத்தென்ற மெழுகும் கலந்தால்தான் துணியில் வரும். நூறு சதவீதம் எதன் நூறு என்று கேட்காதீர்கள்.

“புற ஊதாத் தடுப்பு” அடுத்தது. முகத்துக்குப் பூசும் சன்ஸ்கிரீனை ஆய்வகத்தில் சோதிப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில், அதாவது ஏறக்குறைய 20 மைக்ரான் கனத்தில். துடைத்து மினுக்கிய வேக்ஸ் ஒரு மைக்ரான் இருந்தால் பெரிது. அதற்குள் எவ்வளவு தடுப்பானைத் திணித்துவிட முடியும்? வேக்ஸின் உண்மையான வேலை அழுக்கும் பாசியும் உப்புக்கறையும் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது. கறை சுலபமாகப் போனால் தேய்ப்பது குறையும், தேய்ப்பது குறைந்தால் ஜெல்கோட் மிஞ்சும். தண்ணீர் முத்து முத்தாக உருளுவதைக் காட்டி விற்பார்கள். பரப்புக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி, வெயிலைத் தடுப்பதற்கு அல்ல.

செராமிக் கோட்டிங் வந்தபின் “9H கடினம்” என்று ஒரு பேச்சு. அந்த H பென்சிலில் எழுதியிருக்கிற அதே H. பென்சிலை 45 டிகிரி சாய்த்து இழுத்துக் கீறல் விழுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. வைரம் 10 என்று பள்ளியில் படித்த மோஸ் அளவோடு அதற்குச் சம்பந்தமில்லை. கரையில் இழுத்தால் மணலில் உள்ள குவார்ட்ஸ் பென்சில் அளவைப் பார்த்துக் கீறாமல் விடாது. சிலிகோன் கலந்த பாலிஷில் இன்னொரு வில்லங்கம்: பின்னொரு நாள் ஓட்டை அடைக்கவோ பெயின்ட் அடிக்கவோ போனால் அந்த இடத்தில் ஒட்டாமல் புள்ளி புள்ளியாக விலகும். அடிக்கடி ஒட்டுப் போடுகிற மிதிபடகுக்கு அது ஆகாது.

எல்லோரும் தவறவிடுவது போடும் நாள். சீசன் திறப்புக்கு முதல் நாள் மினுக்குவது கண்ணுக்கு அழகு. ஆனால் சீசனில் பாதி நேரம் மேகம், மீதி நேரம் சாரல். வெயில் அதிகம் தின்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. படகு மேல்தோலை இழப்பது குளம் வற்றிக் கரையில் கிடக்கும் மாசி முதல் சித்திரை வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம்தான் சரியான நேரம். கழுவி, நன்றாகக் காயவிட்டு, சூடேறாத காலையில், பனியன் வேஸ்டால் மெல்லிசாக ஒரு கோட். பிறகு தார்ப்பாயோ தென்னங்கீற்றோ போட்டு நிழல் கட்டுங்கள், காற்றுப் போக இடைவெளி விட்டு. ஒரு மைக்ரான் மெழுகு செய்யாததை அந்தக் கீற்று செய்யும்.

தேய்த்து வந்த மாவைக் குளத்தில் கழுவிவிடாதீர்கள். அருவியில் சோப்பும் எண்ணெயும் கூடாது என்று தடை போட்ட ஊர் அது. இருக்கைக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் வேக்ஸ் வேண்டவே வேண்டாம். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரக் காலோடு ஏறுகிற பெரியவர் நேராகக் குளத்துக்குள் போவார்.